அச்சுப்பணி மீள்தொடக்கம்: வணிகக் கணினிகளில் ஒரு வரலாறு

கணினியிலிருந்து நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சாகிக்கொண்டிருக்கும்போது வேலை நடுவில் நின்றுபோவதுண்டு. அப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பாமல், விட்ட இடத்திலிருந்தே தொடரச் செய்யும் முறை அச்சுப்பணி மீள்தொடக்கம் எனப்படுகிறது. சம்பளப் பட்டியல், வங்கிப் பேரேடு, வருங்கால வைப்புநிதி அட்டை, வாக்காளர் பட்டியல், தொடர்வண்டி முன்பதிவுப் பட்டியல் போன்றவை இம்முறை தேவைப்பட்ட பெரும் அச்சுப்பணிகள். வேலை நிற்பதற்கான காரணங்கள் எப்போதும் எளியவையே. தாள் சிக்கும், தாள் தீரும், ரிப்பன் மங்கும், மின்சாரம் போகும். ஆனால் எங்கே நின்றது, எதுவரை உண்மையில் அச்சானது, மீண்டும் தொடங்கினால் கணக்கு மாறுமா என்ற கேள்விகளுக்கு விடை காணக் கணினித் துறைக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இக்கட்டுரை அந்த வரலாற்றைப் பொதுவாகச் சொல்லி, அதை மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் உள்ள நூற்பாலை, வங்கி, அரசு அலுவலகங்களின் வேலைகளோடு பொருத்திப் பார்க்கிறது. கணினி வரலாறு என்றால் பெருநகரங்களையும் ஆய்வுக்கூடங்களையும் மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கணினியை உண்மையில் சோதித்தவை மாதக் கடைசியில் விளக்கெரிந்துகொண்டிருந்த சிற்றூர் அலுவலகங்கள்தாம்.

எவ்வளவு பெரிய இழப்பு?

இச்சிக்கலின் கனத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். 1990களில் இந்திய அலுவலகங்களில் பரவலாக இருந்த டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி நொடிக்கு 200 எழுத்துகள் அடித்தது என்று கொள்வோம். ஒரு பக்கத்தில் 60 வரி, வரிக்கு 100 எழுத்து என்றால் பக்கத்துக்கு 6000 எழுத்து, அதாவது 30 நொடி. 2000 பக்கப் பட்டியல் ஒன்றை அடித்து முடிக்க 16 மணி 40 நிமிடம் ஆகும். 1800ஆவது பக்கத்தில் தாள் சிக்கி, மீள்தொடக்க வசதி இல்லாமல் முதலிலிருந்து அடிக்க நேர்ந்தால் 15 மணி நேரம் வீண். 12 அங்குலத் தொடர் தாளில் 1800 பக்கம் என்பது 1800 அடி நீளத் தாள்.

நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும் வரி அச்சுப்பொறி இருந்தால் அதே பட்டியல் 3 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அத்தகைய பொறி பெரிய நிறுவனங்களிடமே இருந்தது. பொறி மெதுவாக இருக்கும் இடத்தில்தான் மீள்தொடக்கத்தின் அருமை கூடுகிறது. பணக்கார அலுவலகத்தில் அது ஒரு வசதி, சிறிய அலுவலகத்தில் ஓர் இரவு உறக்கம்.

ஓட்டையிட்ட நாடாவின் காலம்

ஐபிஎம் நிறுவனம் 1959 அக்டோபரில் அறிவித்த 1401 கணினியும் அதனோடு வந்த 1403 அச்சுப்பொறியும் வணிக அச்சுப்பணியின் தொடக்கம் என்று சொல்லத் தக்கவை. எழுத்துகள் கோத்த ஒரு சங்கிலி தாளின் குறுக்கே வேகமாகச் சுழல, தக்க கணத்தில் சுத்தியல்கள் தாளைப் பின்னாலிருந்து அடிக்கும். 132 எழுத்து அகலம், நிமிடத்துக்கு 600 வரி. பின்னர் வந்த வகை 1100 வரி வரை அடித்தது. இந்தியாவிலும் 1960களில் எண்ணெய் நிறுவனங்கள், இரயில்வே போன்ற பெரிய அமைப்புகளுக்கு 1401 வந்து சேர்ந்தது.

இந்த அச்சுப்பொறியில் பக்கத்தின் தலைப்பு எங்கே, மொத்தத் தொகை வரும் வரி எங்கே என்பதை ஒரு காகித நாடா வளையம் முடிவு செய்தது. அதில் 12 தடங்கள். குறிப்பிட்ட தடத்தில் ஓட்டை வரும் இடத்தில் தாள் நகர்வது நிற்கும். தாள் சிக்கினால் இயக்குநர் கிழிந்ததை எடுத்துவிட்டு, புதிய தாளைப் பற்களில் பொருத்தி, பொத்தானை அழுத்தி நாடாவைப் பக்கத் தலைப்புக்குக் கொண்டுவர வேண்டும். நாடாவும் தாளும் ஒத்துப்போனால்தான் அடுத்த பக்கம் மடிப்பின்மேல் விழாமல் அச்சாகும்.

கணக்குப் போடும் நிரலே நேரடியாக அச்சுப்பொறியை இயக்கியபோது, நின்றுபோன வேலையை மீட்க ஒரே வழிதான் இருந்தது: முழு நிரலையும் மறுபடி ஓட்டுவது. இதற்கு முதல் தீர்வு காந்த நாடா. பெரிய கணினி தன் விடைகளை நாடாவில் எழுதிவிடும். அந்த நாடாவைக் கொண்டுபோய் 1401 போன்ற சிறிய கணினியில் பூட்டி அச்சடிப்பார்கள். அச்சு நின்றால் நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, தேவையான பக்கம் வரை தாண்டிச் சென்று தொடரலாம். கணக்கிடுவதும் அச்சிடுவதும் இரண்டு தனி வேலைகள் என்ற எண்ணம் இங்கேதான் உருவானது. பின்னால் வந்த எல்லா உத்திகளும் இதன் பிள்ளைகள்.

ஸ்பூலிங்

1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, உள்ளீட்டையும் வெளியீட்டையும் இடைச் சேமிப்பில் வைத்துக்கொண்டு மற்ற வேலைகளோடு சேர்த்தே நடத்தியது. இம்முறை ஸ்பூலிங் என்ற பெயரில் நிலைத்தது. அச்சுப்பொறிக்குப் போக வேண்டியதெல்லாம் முதலில் வட்டில் ஒரு கோப்பாக உட்காரும். வேறொரு சிறு நிரல் அதை வரிசையாக எடுத்து அச்சுப்பொறிக்கு ஊட்டும்.

1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஹூஸ்டன் மையத்தில் பணியாற்றிய ஐபிஎம் ஊழியர்கள் ஹாஸ்ப் என்ற ஸ்பூலிங் அமைப்பை எழுதினர். அதுவே 1970களில் ஜெஸ்-2 என்ற பெயரில் பெருங்கணினிகளின் நிலையான உறுப்பாயிற்று. இதில் இயக்குநருக்கு அச்சுப்பொறிமேல் நேரடி ஆட்சி கிடைத்தது. இத்தனை பக்கம் பின்னுக்குப் போ, இத்தனை பக்கம் முன்னுக்குப் போ, இப்போது நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலையை அடி, முதலிலிருந்து தொடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுங்கட்டளை. இத்தனை பக்கத்துக்கு ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொள் என்று வேலைக்குரிய கட்டளை அட்டையிலேயே சொல்லவும் முடிந்தது. கணினியே விழுந்து எழுந்தாலும் கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து அச்சு தொடரும்.

நடுத்தர வணிகக் கணினிகளிலும் இதே வசதி வந்தது. 1972இல் வெளியான எச்பி 3000 வரிசையில் ஸ்பூலரை நிறுத்தி, பக்கக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தித் தொடரலாம். 1988இல் வந்த ஐபிஎம் ஏஎஸ்/400 இன்னும் நயமானது. உடனே நில், இப்பக்கம் முடிந்ததும் நில், இக்கோப்பு முடிந்ததும் நில் என்று மூன்று விதமாக நிறுத்தலாம். மறுபடி எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதை ஸ்பூல் கோப்பின் பண்பாகவே எழுதி வைக்கலாம். பக்க முடிவில் நிறுத்துவது அற்பமாகத் தோன்றும். ஆனால் பாதிப் பக்கத்தில் நின்ற வேலையைச் சீராக்கத் தாளைக் கையால் திருகிப் பழகியவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

எத்தனை பக்கத்துக்கு ஒரு குறி?

நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது கோபால் மொழியிலேயே ஒரு வாக்கியமாக இருந்தது. இத்தனை பதிவுகளுக்கு ஒருமுறை மீள்தொடக்கக் குறி எழுது என்று நிரலின் தலைப்பகுதியில் சொல்லும் ரீரன் என்ற கூறு அது. 1985ஆம் ஆண்டுத் தரநிலை அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. அப்பொறுப்பை அதற்குள் இயக்க அமைப்புகளே ஏற்றுக்கொண்டுவிட்டன.

குறி அடிக்கடி எழுதினால் அதற்கே நேரம் போகும். அரிதாக எழுதினால் நின்றபோது நிறைய இழக்க நேரும். இதற்கு ஜான் யங் என்பவர் 1974இல் ஒரு வாய்பாடு வெளியிட்டார். ஒரு குறி எழுத ஆகும் நேரத்தையும், இரண்டு தடைகளுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏற்ற இடைவெளி கிடைக்கும். குறி எழுத 3 நொடி, சராசரியாக 4 மணி நேரத்துக்கு ஒரு தடை என்று வைத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய 294 நொடி. முன்சொன்ன டாட் மேட்ரிக்ஸ் வேகத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒரு குறி போதும். மாணவர்கள் தங்கள் ஊர் மின்வெட்டு நேரத்தை இதில் இட்டுப் பார்க்கலாம்.

அச்சுப்பொறி சொல்லும் பொய்

கணினி 412ஆவது பக்கத்தை அனுப்பிவிட்டது என்று திரை சொல்லும். தாளில் பார்த்தால் 410 பாதியில் நிற்கும். அச்சுப்பொறிக்குள் இருக்கும் நினைவகமே இதற்குக் காரணம். கணினி அனுப்பியது அந்த நினைவகத்தில் தங்கியிருக்கும்போது மின்சாரம் போனால் அச்சாகாத எழுத்துகள் மறைந்துவிடும். கணினிக்கும் பொறிக்கும் இடையே 64 கிலோபைட் தனி நினைவகப் பெட்டி வைத்திருந்தால், முன்சொன்ன கணக்குப்படி பத்துப் பக்கத்துக்கும் மேல் காணாமற்போகலாம். ஆகவே மீள்தொடக்கத்துக்குக் கணினியின் எண்ணிக்கையை நம்பாமல் தாளில் கடைசியாக முழுமையாக வந்த பக்க எண்ணைப் பார்ப்பதே பழக்கமாயிற்று. அதிலிருந்தும் ஒரு பக்கம் பின்னால் போய்த் தொடங்கி, இரட்டையாக வந்ததைக் கிழித்துப் போடுவது இன்னும் பத்திரம்.

இந்த இடைவெளியை முழுதாக மூடியது அச்சுப்பொறியும் கணினியும் இருவழியில் பேசும் முறை. 1980களில் ஐபிஎம் வகுத்த ஐபிடிஎஸ் நெறியில் அச்சுப்பொறி தான் பெற்ற பக்கம் எத்தனை, வெளித்தட்டில் அடுக்கிய பக்கம் எத்தனை என்று தனித்தனி எண்ணிக்கைகளைத் திருப்பி அனுப்பும். தாள் சிக்கினால் அடுக்கிய பக்கத்துக்கு அடுத்ததிலிருந்து கணினி தானாகவே மீண்டும் அனுப்பும். சாதாரண அலுவலகப் பொறிகளுக்கு இது நெடுங்காலம் எட்டவில்லை.

தாள் நீளத்திலும் ஒரு தொல்லை உண்டு. அமெரிக்காவில் எழுதப்பட்ட நிரல்கள் 11 அங்குலத் தாளை, அதாவது 66 வரியை மனத்தில் கொண்டவை. இந்தியாவில் பரவலாக விற்ற தொடர் தாள் 12 அங்குலம், 72 வரி. இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒவ்வொரு பக்கமும் 6 வரி மேலேறிக்கொண்டே போகும். இப்படி நகரும் பட்டியலில் தாளின் பக்கமும் கணினியின் பக்கமும் ஒன்றாக இராது. 12 தாள் ஓடுவதற்குள் இரண்டு கணக்குக்கும் இடையே ஒரு முழுத் தாள் வேறுபாடு வந்துவிடும்.

வட்டி இரண்டு முறை ஏறினால்?

இதுவரை சொன்னவை தாளும் நேரமும் வீணாகும் சிக்கல்கள். வங்கியில் அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருந்தது.

இந்திய வங்கிகளில் கணினி எளிதில் நுழையவில்லை. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாடு அதற்கு வரம்பிட்ட வழி திறந்தது. ரங்கராசன் குழு 1984இலும் 1989இலும் தந்த அறிக்கைகள் அந்த வழியை அகலமாக்கின. பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் முதலில் வந்தன. பிறகு யூனிக்ஸ் கணினிகளும் முழுக் கிளைக் கணினிமயமும் வந்தன. 1990களில் மாவட்டத் தலைநகரக் கிளைகளில் நாள் முடிவில் பதிவேடு, இருப்புப் பட்டியல், துணைப் பேரேடு என்று கட்டுக்கட்டாக அச்செடுத்துத் தைத்து வைப்பது அன்றாட வேலை. மறுநாள் கணினி எழவில்லை என்றால் அந்தத் தாள்களை வைத்துத்தான் வாடிக்கையாளருக்குப் பணம் தர முடியும். ஆகவே அச்சு முடியாமல் கிளையைப் பூட்ட முடியாது.

அரையாண்டுக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி ஏற்றும் நாளில் இந்தக் கட்டு பெருக்கும். 2010 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி என்ற முறை வந்தது. அதற்கு முன் மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையிலான குறைந்த இருப்பே கணக்கு. இந்த வட்டியைக் கணக்கிட்டு, பேரேட்டில் ஏற்றி, உடனே பட்டியலும் அடிக்கும் ஒரே நிரலாக யாரேனும் எழுதியிருந்தால் என்ன ஆகும்? பாதியில் தாள் சிக்குகிறது. இயக்குநர் நிரலை மறுபடி ஓட்டுகிறார். முதல் பாதிக் கணக்குகளுக்கு வட்டி இரண்டு முறை ஏறிவிடும். பட்டியலும் தவறு, பேரேடும் தவறு. வட்டி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறி வைத்துத் தடுத்தாலும், இரண்டாம் முறை வரும் பட்டியலில் முதல் பாதிக் கணக்குகளே வராமற்போகும்.

நிரலாளர்கள் இதற்குக் கண்ட முறை மூன்று படிகள் கொண்டது. முதலில் கணக்கிட்டு ஒரு தற்காலிகக் கோப்பில் எழுது. அடுத்து அதைப் பேரேட்டில் ஏற்று. கடைசியாக அக்கோப்பிலிருந்து மட்டுமே அச்சடி. மூன்றாம் படியை எத்தனை முறை ஓட்டினாலும் பேரேடு அசையாது. பக்கப் பிரிவும் மாறாது. இது முக்கியம். அச்சு நின்றதற்கும் தொடர்வதற்கும் இடையே புதிதாக ஒரு கணக்கு சேர்ந்திருந்தால், தரவிலிருந்து மறுபடி உருவாக்கிய பட்டியலில் 300ஆவது பக்கம் பழைய 300ஆவது பக்கமாக இருக்காது. ஒட்டுப்போட்ட பட்டியலில் ஒரு பெயர் இரண்டு முறை வரலாம், அல்லது ஒரு பெயர் விட்டுப்போகலாம். பக்க அடியில் எழுதும் முன்கொணர்ந்த தொகையும் இசையாது. தணிக்கையாளர் கேள்வி கேட்பது அந்த ஒட்டுப்போட்ட இடத்தில்தான்.

ஆலையின் ஏழாம் நாள்

திண்டுக்கல்லின் வடக்கே வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகள் நிறைந்தது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள்ளும், அதற்கு மேற்பட்டோர் உள்ள ஆலையில் 10ஆம் நாளுக்குள்ளும் கூலி தர வேண்டும் என்றது. வருகைப் பதிவு மாதக் கடைசி நாள் வரை வரும். மிகைநேரம், முன்பணப் பிடித்தம், கடன் தவணை எல்லாம் சேர்த்துக் கணக்கிட ஓரிரு நாள். மீதி நாட்களில் சம்பளப் பட்டியலும் ஆளுக்கொரு சீட்டும் அச்சாக வேண்டும். அச்சு ஓரிரவு தள்ளிப்போனால் வரிசையில் நிற்பவர் கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் தவணை சொல்ல வேண்டியதாகும். இப்படிப்பட்ட இடத்தில் மீள்தொடக்கம் வெறும் தொழில்நுட்பச் சொல் அன்று.

ஆண்டுக்கு ஒருமுறை வருங்கால வைப்புநிதி வேலை வரும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் 3ஏ படிவம் என்ற ஓர் அட்டை, அனைத்தையும் திரட்டிய 6ஏ படிவம். ஏப்ரல் 30க்குள் சேர்ப்பிக்க வேண்டும். இரண்டாயிரம் பேர் உள்ள ஆலைக்கு இரண்டாயிரம் அட்டை, அதாவது இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அளவு.

டிபேஸ், ஃபாக்ஸ்புரோ போன்ற தரவுத்தள மென்பொருள்களில் இதற்கு ஓர் எளிய வசதி இருந்தது. தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் என்று இரண்டு அமைப்பு மாறிகள். தொடக்கப் பக்கம் 1201 என்று வைத்தால் நிரல் முதல் 1200 பக்கங்களையும் கணக்கிடும், ஆனால் அச்சுக்கு அனுப்பாது. மொத்தத் தொகைகள் சரியாக வரும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்துக்குச் சில நிமிடம் ஆகலாம், அச்சடிக்கும் பத்து மணி நேரத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. இன்னும் எளிய வழி, சம்பள நிரலே தொடக்கத்தில் ‘எந்தச் சீட்டு எண்ணிலிருந்து?’ என்று கேட்பது. இதைவிடச் சிறந்த வழி, துறைவாரியாகப் பிரித்து அடிப்பது: கலவை அறை, கார்டிங், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. ஒன்று கெட்டால் அதை மட்டும் மறுபடி அடிக்கலாம்.

எண்ணிட்ட படிவங்களில் வேறு வகைச் சிக்கல். காசோலை, பங்காதாயச் சீட்டு போன்றவற்றில் அச்சகமே வரிசை எண் அடித்து அனுப்பியிருக்கும். தாள் சிக்கி மூன்று படிவம் கிழிந்தால் கணினியின் எண்ணும் தாளின் எண்ணும் மூன்று விலகிவிடும். ஆகவே மீள்தொடக்க நிரல் பக்க எண்ணோடு படிவ எண்ணையும் தனியே கேட்கும். கிழிந்தவற்றை ‘இரத்து’ என்று எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும், எறியக் கூடாது. எக்ஸ் எழுத்துகளால் நிரம்பிய ஒரு சோதனைப் படிவம் அடித்து, பெயரும் தொகையும் கட்டத்துக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகே உண்மை அச்சு தொடங்கும்.

மின்வெட்டும் தமிழ் எழுத்தும்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின் பற்றாக்குறையில் இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அலுவலக யுபிஎஸ் கணினியையும் திரையையும் தாங்கும். லேசர் அச்சுப்பொறி சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது என்பதால் அச்சுப்பொறியை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள் என்பதே விற்பவர் தரும் அறிவுரை. விளைவு வினோதமானது. மின்சாரம் போனால் கணினி விழித்திருக்கும், அச்சுப்பொறி இறந்திருக்கும். கணினி தொடர்ந்து அனுப்ப முயன்று பிழைச் செய்தி காட்டும். விண்டோஸ் அச்சு வரிசையில் ‘மறுதொடக்கம்’ என்பதைச் சொடுக்கினால் முதல் பக்கத்திலிருந்து வரும். அச்சுப்பணிக்கு நடுப்பக்கத்திலிருந்து தொடங்கு என்ற கட்டளை அந்த வரிசையில் இல்லை. ஜெஸ்-2 இயக்குநருக்கு 1970களில் இருந்த வசதி, நாற்பது ஆண்டு கழித்து மேசைக் கணினிக்காரருக்கு இல்லாமற்போனது வேடிக்கைதான். பழகியவர்கள் நூறு பக்கம் நூறு பக்கமாக வெட்டி அனுப்பினார்கள்.

யூனிக்ஸ் பக்கம் நிலைமை சற்று மேல். சிஸ்டம் ஃபைவ் வகையில் அச்சுக் கட்டளையோடு பக்கப் பட்டியலைத் தரலாம். 1999இல் வெளிவந்து இன்று லினக்ஸிலும் மேக்கிலும் இயங்கும் கப்ஸ் அமைப்பும் அவ்வாறே பக்க எல்லையை ஏற்கிறது.

தமிழில் அச்சிடும்போது மெதுவான பொறி இன்னும் மெதுவாயிற்று. டாட் மேட்ரிக்ஸ் பொறிக்குள் ஆங்கில எழுத்துருவே பொதிந்திருந்தது. தமிழ் வரியைப் புள்ளிப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் ஒரு வரிக்கு அச்சுத் தலை பலமுறை ஓட வேண்டும். 1980களின் பிற்பகுதியில் சிடாக் நிறுவனம் பரப்பிய ஜிஸ்ட் அட்டைகள் இந்திய மொழிகளைத் திரையிலும் தாளிலும் கொண்டுவந்தன. ஆனாலும் படமுறை அச்சின் வேகக்குறைவு நீங்கவில்லை. படமாக அனுப்பிய கோப்பில் எழுத்தும் இல்லை, எளிதில் தேடக்கூடிய வரிகளும் இல்லை. எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று அறியப் பக்க முடிவுக் குறியை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது.

பக்கத்தைக் கண்டுபிடிக்கும் மொழிகள்

லேசர் அச்சு வந்தபோது இக்கேள்வி புதிய உருவெடுத்தது. 1980களின் நடுவில் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் ஓர் அச்சு மொழி மட்டும் அன்று, முழுமையான நிரல் மொழி. 900ஆவது பக்கத்தின் தோற்றம் முதல் பக்கத்தில் செய்த ஒரு மாற்றத்தைச் சார்ந்திருக்கலாம். ஆகவே முந்தைய 899 பக்கங்களையும் இயக்காமல் அதை மட்டும் எடுக்க உறுதியான வழியில்லை. இதனால் பக்கங்கள் ஒன்றையொன்று சாராதபடி எழுதி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குறிப்பு வரி இட வேண்டும் என்ற மரபை அடோபி வகுத்தது. எல்லோரும் அதைப் பின்பற்றவில்லை. 1993இல் வந்த பிடிஎஃப் இதைத் தீர்த்தது. கோப்பின் முடிவில் ஓர் அட்டவணை இருக்கும். எந்தப் பக்கத்துக்கும் நேராகத் தாவலாம்.

பிரித்து அடித்தல்

கணினிக்கு முன்பே இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு இருந்தது. திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியின் 1973 மே இடைத்தேர்தல், அ.தி.மு.க.வின் முதல் வெற்றி என்பதால் அரசியல் வரலாற்றில் இடம் பெற்றது. அக்காலத்து வாக்காளர் பட்டியல்கள் அச்சகங்களில் எழுத்துக் கோத்து அடிக்கப்பட்டவை. அப்போதும் பட்டியல் வாக்குச்சாவடி வாரியாகப் பாகங்களாகவே இருந்தது. கணினி வந்த பிறகும் அப்பிரிவு மாறவில்லை. புகைப்பட வாக்காளர் பட்டியலில் பக்கத்துக்கு 30 பேர். 1200 வாக்காளர் உள்ள பாகம் சுமார் 40 பக்கம். ஒவ்வொரு பாகத்துக்கும் பக்க எண் 1லிருந்து தொடங்கும். அச்சு எங்கே நின்றாலும் இழப்பு அந்த 40 பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இரயில் முன்பதிவுப் பட்டியலும் பெட்டி வாரியாகவே பிரிந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் கணினி முன்பதிவு பெருநகரங்களில் பரவியபின், வண்டி புறப்படும் முன் பட்டியலை அச்சடித்து நடைமேடைப் பலகையிலும் பெட்டியின் பக்கத்திலும் ஒட்டுவது வழக்கமாயிற்று. இங்கே தாமதிக்க வழியே இல்லை. வண்டி காத்திராது. 2018 மார்ச் முதல் முக்கிய நிலையங்களில் பெட்டிகளில் பட்டியல் ஒட்டுவதை இரயில்வே நிறுத்தத் தொடங்கியது. வருங்கால வைப்புநிதியிலும் 2012இல் மின்னணு அறிக்கை முறை வந்து 3ஏ அட்டைகள் தேவையற்றுப் போயின. வங்கிக் கிளைகள் மையக் கணினியோடு இணைந்தபின் நாள் முடிவுக் கட்டுகளும் மெலிந்தன.

வாக்காளர் பட்டியல் மட்டும் இன்னும் தாளில் வேண்டியிருக்கிறது. பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் ஆகிய ஏழு தொகுதிகளைக் கொண்ட திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒவ்வொரு தேர்தலின்போதும் அது பாகம் பாகமாக அச்சாகி வாக்குச்சாவடிக்குப் போகிறது.